சேர்வராயன் மலைக்கு வாக்கி டாக்கி: எந்த செட், எத்தனை, எப்படிப் பேசுவது

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று அரை வாட் வாக்கி டாக்கியில் பேசினால், அடிவாரத்தில் திறந்த வெளியில் நிற்பவருக்குத் தெளிவாகவே கேட்கும். அதே செட்டோடு கிளியூர் அருவிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால், மேலே வண்டி நிறுத்திய இடத்தில் இருப்பவரோடு பேசுவதே பாடு. முதல் இடத்தில் நடுவே காற்றுதான் இருக்கிறது. இரண்டாவதில் பாறையும் மண்ணும் நனைந்த இலையும் இருக்கின்றன. சேலம் கடைகளிலோ இணையத்திலோ செட் தேடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால், பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் "10 கி.மீ." உங்களை ஏமாற்றாது. அது தடையே இல்லாத வெளியில் கிடைக்கும் தூரம். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி அடர்ந்த சரிவில் ஒரு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல ரேஞ்ச். நடுவே ஒரு முகடு வந்துவிட்டால் 300 மீட்டரிலேயே அறுந்துவிடும்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிவிட்டு மற்றதைப் பேசுவதில் பயனில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அரை வாட்டுக்கு மேற்படாத திறனில் வேலை செய்யும் கையடக்க செட்டுகளுக்கு உரிமம் வேண்டாம். வேண்டியது கருவிக்கான இ.டி.ஏ. வகை ஒப்புதல். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஒப்புதல் அது. வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த அலைவரிசை, இ.டி.ஏ. எண் என்ன? இணைய விற்பனைத் தளங்கள் இந்த இரண்டையும் பட்டியலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பதில் வராத செட்டை விட்டுவிடுங்கள்.

136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகளிலும் வேலை செய்யும் 5 வாட் செட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. "446-இல் மட்டும் வைத்துப் பேசினால் போதும்" என்று கடையில் சொல்வார்கள். போதாது. உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பதே சிக்கல். காவல்துறையும் வனத்துறையும் வி.எச்.எஃப்., அதாவது 136 முதல் 174 என்ற அந்தப் பட்டையில் பேசுகின்றன, தவறுதலாக அதில் குறுக்கிட்டால் விளையாட்டாக விடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அமெரிக்க செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அவையும் இங்கே செல்லாது. செயற்கைக்கோள் போனும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் முன் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை.

குழுவில் எல்லோரும் தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம், அதாவது ஹாம் உரிமம், பெற்றிருந்தால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் கூடுதல் திறனோடு பேசலாம். நால்வரில் ஒருவருக்கு மட்டும் உரிமம் இருந்தால் மற்ற மூவர் பேச முடியாது. எஸ்டேட் வேலைக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அறுவடைக் காலத்தில் நாள் முழுக்க மேஸ்திரி, ரைட்டர், டிராக்டர் டிரைவர் என்று பலரும் பேச வேண்டிய எஸ்டேட்டுக்குச் சரியான வழி, சொந்தப் பயன்பாட்டு உரிமம் வாங்கி வி.எச்.எஃப். செட் வைத்துக்கொள்வது. 446-ஐவிட வி.எச்.எஃப்.-இன் அலை நீளமானது; அது இலைகளுக்குள் குறைவாகத் தேய்கிறது, முகட்டின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக வளைகிறது.

வாட்டைத் துரத்த வேண்டாம்

அரை வாட்டை 5 வாட்டாக, பத்து மடங்காக உயர்த்தினால் பத்து மடங்கு தூரம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தரையோடு தரையாகப் பேசும்போது சிக்னல் ஏறக்குறைய தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்கிறது. அந்தக் கணக்கில் பத்து மடங்கு திறனுக்குக் கிடைப்பது 1.8 மடங்கு தூரம்தான். காட்டுக்குள் இலை வேறு உறிஞ்சுவதால் அதுவும் குறையும். முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கோ 5 வாட்டும் பெரும்பாலும் எட்டாது. ஆனால் உங்களில் ஒருவர் 30 மீட்டர் மேலே ஏறி முகட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும்.

இன்னொரு பொறி, "வரம்பில்லாத தூரம்" என்று விற்கப்படும் சிம் போட்ட வாக்கி. பார்க்க வாக்கி போலவே இருக்கும். உள்ளே நடப்பது மொபைல் இணையம். நாகலூர், செம்மடுவு பக்கம் எஸ்டேட் பள்ளங்களில் உங்கள் போனில் டவர் எடுக்காத இடத்தில் அதுவும் எடுக்காது. டவர் இல்லாத இடத்துக்காகத்தானே செட் வாங்குகிறோம்.

செட்டில் பார்க்க வேண்டியவை

சேனல் எண்ணிக்கை எல்லா 446 செட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எட்டு அல்லது பதினாறு. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். பணம் தர வேண்டியது தண்ணீர்க் காப்புக்கு. ஐபி 54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மலையில் மூடுபனியே சட்டையை நனைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. ஐபி 67 கிடைத்தால் அதையே எடுங்கள். எந்த செட்டானாலும் இயர்போன் துளையின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். தளர்வாக மூடுகிறதென்றால் தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான்.

அடுத்தது பேசும் பட்டன். கையுறை போட்ட கையாலும் ஈரக் கையாலும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியது விரலுக்குத் தெரிய வேண்டும். அதோடு, பையில் திணிக்கும்போது தானாக அழுந்தாத அளவுக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். ஒருவருடைய பட்டன் பையில் அழுந்திக் கிடந்தால் மொத்தக் குழுவுக்கும் சேனல் அடைபட்டுவிடும். கீபேட் பூட்டு இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் ஏற்றத்தில் சேனல் மாறியது தெரியாமலே நடந்துகொண்டிருப்பீர்கள்.

பேட்டரிக்குக் கணக்கு இருக்கிறது. அரை வாட் செட் பேசும்போது தோராயமாக 500, கேட்கும்போது 200, சும்மா இருக்கும்போது 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். பத்து மணி நேர நடையில் அரை மணி பேச்சு, அரை மணி கேட்பு, மீதி சும்மா என்றால் 250, 100, 450. மொத்தம் 800 மில்லி ஆம்பியர் மணி. 1200 உள்ள பேட்டரி தாராளம். ஒரு மணி பேச்சு, ஒரு மணி கேட்பு என்று குழு கலகலப்பானால் 1100 ஆகிவிடும், மாலையில் பேட்டரி ஏறக்குறைய காலி. ஆகவே அரட்டைக்கு இல்லை என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். யு.எஸ்.பி. வழியாக சார்ஜ் ஆகும் செட் என்றால் பவர் பேங்கே போதும்.

குரல் கேட்டுத் தானாக ஒலிபரப்பும் வசதியை அணைத்து வையுங்கள்; காற்றும் மூச்சிரைப்பும் போதும் அதைத் தூண்ட. பேசி முடித்ததும் வரும் 'பீப்' ஒலியையும் பட்டன் ஒலியையும் அணையுங்கள். காட்டெருமை நடமாடும் மலை இது. புதருக்குப் பின்னால் நிற்கும் மாட்டின் பக்கத்தில் செட் திடீரென்று அலறக் கூடாது. முன்னால் போகிறவர் ஒரு காதுக்கு மட்டுமான இயர்போன் போட்டுக்கொள்ளட்டும். மறு காது காட்டுக்கு.

எத்தனை, யாரிடம்

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நான்கு செட். வழிகாட்டிக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்கு ஒன்று, வண்டியிலோ தங்குமிடத்திலோ இருப்பவருக்கு ஒன்று. நான்காவது அஞ்சல்காரருக்கு. அவர் முகட்டில் நின்று, பள்ளத்தில் இருப்பவர் சொன்னதை அப்படியே மேலே சொல்பவர். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கருவி இல்லாத நமக்கு அவர்தான் ரிப்பீட்டர். அவர் சுருக்கவோ விளக்கவோ கூடாது. கேட்ட சொற்களையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான்கையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் ஒரு ஜோடி. ஒருவர் தொடக்கத்தில் நிற்க, மற்றவர் நீங்கள் வழக்கமாகப் போகும் தடத்தில் நடந்து 250 மீட்டருக்கு ஒருமுறை, அதோடு ஒவ்வொரு திருப்பத்திலும், எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். நிற்பவர் தாளில் நான்கு விதமாகக் குறிக்கட்டும்: தெளிவு, இரைச்சல், துண்டு துண்டு, இல்லை. முடிந்தால் மழை விட்ட மறுநாள் சோதியுங்கள். நனைந்த இலை கூடுதலாக உறிஞ்சும். கோடையில் கிடைத்த ரேஞ்சை நம்பி நவம்பரில் போனால் ஏமாற்றம்தான். "இல்லை" என்று வந்த இடத்துக்கும் வண்டிக்கும் இரண்டுக்கும் கேட்கிற முகடு எது என்று தேடினால் அஞ்சல்காரர் நிற்கும் இடம் கிடைத்துவிடும். காப்புக்காட்டுத் தடம் என்றால் இந்தச் சோதனை நடைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

சேனலும் டோனும்

அதிகம் தகராறு வருவது இங்கேதான். சேனல் ஒன்றாக வைத்திருக்கிறோம், விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் காரணம் டோன். பெட்டியில் 'பிரைவசி கோட்' என்று போட்டிருப்பார்கள். உங்கள் பேச்சோடு காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி ஒன்றையும் சேர்த்து அனுப்பி, அதே ஒலி உள்ள பேச்சுக்கு மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் ஏற்பாடு அது. ரகசியம் எதுவும் இல்லை. அந்தச் சேனலில் டோன் இல்லாமல் வைத்திருக்கும் யாரும் உங்களைக் கேட்கலாம். வேறு வேறு கம்பெனி செட்டுகளில் ஒரே கோட் எண் வேறு வேறு டோனைக் குறிக்கக்கூடும். கையேட்டில் ஹெர்ட்ஸ் பார்த்துப் பொருத்துங்கள்: இதில் 88.5 என்றால் அதிலும் 88.5. சேனலையும் அப்படியே, முதல் சேனல் 446.00625 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்தவை 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்.

பெட்டியிலிருந்து எடுத்த செட் பெரும்பாலும் முதல் சேனலில் இருக்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அது சந்தைக்கடை. வேறொன்றை முதன்மையாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வைத்து, இரண்டையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு செட்டின் முதுகிலும் ஒட்டிவிடுங்கள். சிக்னல் மெலிந்தால் மானிட்டர் பட்டனை அழுத்திக் கேளுங்கள். இரைச்சலோடு குரலும் வரும்.

பேசும் முறை

செட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தோள் மைக்கில் பேசினால் உங்கள் உடம்பே பாதி சிக்னலைத் தின்றுவிடும். கையில் எடுத்து, ஆண்டெனா செங்குத்தாக நிற்க, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். கேட்கவில்லையென்றால் கத்த வேண்டாம், ஓரடி நகருங்கள். 446-இல் அலைநீளம் 67 சென்டிமீட்டர். பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் நீங்கள் நின்றிருக்கலாம். ஒன்றிரண்டு அடி தள்ளினால் அதே பேச்சு திரும்ப வந்துவிடுவதுண்டு.

பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். டோன் பிடிபட ஒரு கணம் ஆகும். அதற்குள் பேசினால் முதல் அசை போய்விடும். பேசி முடித்தும் ஒரு நொடி பிடித்திருங்கள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "இறங்க வேண்டாம்" என்பதில் கடைசிச் சொல் அறுந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்பது "இறங்க…" மட்டும். அபாயச் செய்திக்கு இந்த வாக்கிய அமைப்பே வேண்டாம். "நில்லு, நில்லு, நில்லு" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பிறகு காரணம் சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி சரி" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளத்தில் இருக்கும் குழுவோடு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மணியும், அரை மணியும். அந்த நேரம் வந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று செட்டை முகத்தருகே வைத்திருக்க வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து தவறினால், தவறிய குழு கடைசியாகப் பேசிய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். இந்த செட்டில் 108-ஐயோ 112-ஐயோ கூப்பிட முடியாது; ஆகவே டவர் எடுக்கும் இடத்தில் போனோடு இருப்பவர்தான் வண்டிக்காரராக இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாலைகளில் இடி கேட்டால் அஞ்சல்காரர் முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். தொடர்பு அறும், அறட்டும். தொடர்பு திரும்பக் கிடைக்கும்வரை குழு நகராமல் பள்ளத்திலேயே காத்திருக்கும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு சார்ஜரில் வைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். முனையில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். சார்ஜ் ஏறாத செட் பலவும் அதிலேயே சரியாகிவிடும். அடுத்த பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள்.