செவ்வாயின் வானிலையைக் கணக்கிடுவோம்: செயற்கைக்கோள் அளவீட்டையும் கணினி மாதிரியையும் இணைக்கும் முதல் பாடம்

செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரில் மார்ஸ் கிளைமேட் சவுண்டர் என்றொரு கருவி இருக்கிறது. கோளின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு, சுமார் 80 கி.மீ. உயரம் வரை வெப்பநிலையையும் புழுதியையும் அளக்கிறது. ஆனால் அது கடக்கும் இடங்களில் பெரும்பாலும் அதிகாலை 3 மணியோ பிற்பகல் 3 மணியோதான். மற்ற நேரம் அதற்குத் தெரியாது. காற்றின் வேகத்தை அது அளப்பதே இல்லை.

கணினி மாதிரியோ எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் காற்று உட்பட விடை தரும். ஆனால் புழுதி எங்கே கிளம்பியது என்பது அதற்குத் தெரியாது. இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் டேட்டா அசிமிலேஷன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதல் படி: இரண்டு எண்களையும், அவை எவ்வளவு பிழைக்கலாம் என்பதையும் எழுதுங்கள். ஓரிடத்தில் மாதிரி 200 கெல்வின் என்கிறது, பிழை 6. செயற்கைக்கோள் 212 என்கிறது, பிழை 3. (பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.) பிழையைக் குறிக்காத அளவீடு இந்த வேலைக்கு உதவாது.

இரண்டாம் படி: எடை போடுங்கள். பிழைகளின் வர்க்கம் 36, 9. முப்பத்தாறை மொத்தமான 45-ஆல் வகுத்தால் 0.8. வித்தியாசம் 12, அதில் 0.8 பங்கு 9.6. ஆகவே புதிய மதிப்பு 209.6 கெல்வின். அதன் பிழை ஏறக்குறைய 2.7 ஆகிவிடும், அதாவது இரண்டு மூலங்களையும்விடக் குறைவு. இதை முதன்முறை கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

மூன்றாம் படி: திருத்தத்தைப் பரப்புங்கள். ஆர்பிட்டர் ஒரு சுற்று வர சுமார் 112 நிமிடம். அதற்குள் செவ்வாய் 27 பாகை திரும்பிவிடும். நிலநடுக்கோட்டில் அது 1,600 கி.மீ. இடைவெளி. மாதிரி கோளைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது; அளவீட்டுக்கு அருகிலுள்ள கட்டங்களுக்கு அதிகமாகவும் தூரம் போகப் போகக் குறைவாகவும் திருத்தம் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி, சற்றே மாறுபட்ட தொடக்கத்துடன் மாதிரியைப் பல பிரதிகளாக ஓட்டுவது. வெப்பநிலை ஏறிய பிரதிகளில் காற்றும் எப்படி மாறியது என்பது தெரிந்துவிடும். அப்புறம் அளக்காத காற்றையும் திருத்தலாம். இமார்ஸ் என்ற தரவுத்தொகுப்பு இப்படித்தான் உருவானது.

நான்காம் படி: திருத்திய நிலையிலிருந்து மாதிரியை முன்னோக்கி ஓட்டி, அடுத்த அளவீடு வந்ததும் மறுபடி திருத்துங்கள்.

இங்கேதான் செவ்வாய் நம்மைச் சோதிக்கும். அங்கே தரைமட்டக் காற்றழுத்தம் சுமார் 6 ஹெக்டோபாஸ்கல். பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய காற்று வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கும், சீக்கிரம் பெறும். வெப்பநிலையை மட்டும் திருத்தினால் ஓரிரு நாளில் மாதிரி பழைய நிலைக்கே திரும்பிவிடும். எரிகிறதைப் பிடுங்கினால்தான் கொதிக்கிறது அடங்கும். வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவது புழுதி. ஆகவே புழுதியின் அளவையும் கூடவே திருத்த வேண்டும். தொடக்கக்காரர்கள் பலர் இதை ஒத்திப்போடுகிறார்கள். தயவுசெய்து ஒத்திப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: சோதனை. திருத்தத்துக்குப் பயன்படுத்திய அளவீட்டோடு ஒப்பிட்டால் பொருந்தத்தான் செய்யும், அது சான்றாகாது. பயன்படுத்தாத ஒன்று வேண்டும். மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற முந்தைய விண்கலம் கோளுக்குப் பின்னால் மறையும்போது அதன் ரேடியோ அலை வளிமண்டலத்தில் வளைந்ததை வைத்தும் வெப்பநிலை கணிக்கப்பட்டது. அப்படிப்பட்ட தனி அளவீட்டோடு ஒப்பிடுங்கள்.

சரி, உண்மையான தரவில் கைவைக்கலாமா? இப்படி அளவீட்டையும் மாதிரியையும் இணைத்து உருவாக்கிய ஓப்பன்மார்ஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவத்தில் உள்ள கோப்புகள், பைத்தான் நிரல்மொழியில் திறக்கலாம். செவ்வாய் ஆண்டு 25-இல் (விஞ்ஞானிகள் செவ்வாயின் ஆண்டுகளுக்கு இட்ட எண்) சூரியத் தீர்க்கரேகை, அதாவது செவ்வாயின் பருவத்தைக் காட்டும் பாகைக் கணக்கு, 180 முதல் 220 வரை எடுத்துக்கொண்டு, புழுதியையும் வெப்பநிலையையும் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். 2001-இல் ஹெல்லஸ் பள்ளப் பகுதியில் எழுந்த புழுதி சில வாரங்களில் கோள் முழுவதையும் மூடியதும், கூடவே காற்று சூடானதும் உங்கள் திரையிலேயே தெரியும்.