அஸம்ப்ஷன் கேள்வியில் எங்கே சறுக்குகிறோம்

பெங்களூரில், அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் சேர்ந்து எம்பிஏ சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்குப் படிக்கிறோம். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் முதலில் சறுக்குவது அஸம்ப்ஷன் கேள்வியில்தான், அதாவது ஒரு வாதம் வெளியே சொல்லாமல் நம்பி நிற்கிற விஷயம் எது என்று கேட்கும் கேள்வியில். வெர்பல் என்ற மொழிப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்வி, ஒன்றுக்கு முழுசாக இரண்டு நிமிடம்கூட வராது, அந்த அவசரத்தில் படித்தவுடனே "ஆமாம், சரிதானே" என்று தோன்றுகிற விடையில் கை போய்விடுகிறது.

நாங்களே எழுதி வைத்துக்கொண்ட ஒரு கேள்வி இது: பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரில் வைட்ஃபீல்டு வரை முழுதாக ஓடத் தொடங்கியது. ஏராளமானோர் வேலைக்குப் போக மெட்ரோவுக்கு மாறினார்கள். பஸ்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆகவே மெட்ரோவால் வைட்ஃபீல்டு ரோட்டில் வண்டிகள் குறைந்திருக்கின்றன.

பலர் எடுக்கும் விடை, "ரோட்டைவிட மெட்ரோவில் சீக்கிரம் போகலாம்." நமக்கு அது அனுபவத்தில் தெரிந்த உண்மை, அதனால்தான் ஏமாறுகிறோம். ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்று கேள்வியே சொல்லிவிட்டது. வேகத்துக்காக மாறினார்களா ஏசிக்காக மாறினார்களா என்பது இந்த வாதத்துக்குத் தேவையே இல்லை. உண்மையில் விடுபட்டிருப்பது, மாறியவர்களில் சிலராவது முன்பு அந்த ரோட்டில் கார், பைக், ஆட்டோ, கேப் என்று ஏதோ ஒன்றில் போனவர்கள் என்பது. அத்தனை பேரும் பிஎம்டிசி பஸ்ஸில் போனவர்கள் என்றால் பஸ்ஸில் கூட்டம்தான் குறையும், ரோட்டில் வண்டி குறையாது.

அடுத்தது, அளவுக்கு மீறிய விடை. "மாறியவர்கள் எல்லோருமே முன்பு தனித்தனியாகக் கார் ஓட்டியவர்கள்." இது உண்மையானால் வாதம் பலமாகும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிப் பேர் கார் ஓட்டியிருந்தாலே வாதம் நிற்குமே. வலு சேர்ப்பது வேறு, இல்லாவிட்டால் விழுந்துவிடுவது வேறு. அதற்காக "எல்லோரும்", "மட்டுமே" என்று கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு அந்த விடையை நீக்கிவிடாதீர்கள், முடிவே "எல்லோரும்" என்று பேசினால் அஸம்ப்ஷனும் அப்படிப் பேசலாம்.

"இனி ஆபீசுக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம்" என்ற விடை முடிவுக்கு அப்புறம் வருகிற விஷயம், அதை விட்டுவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் விடையை மறுத்து, வாதம் விழுகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மறுப்பதிலேயே தப்பு செய்கிறோம். "எல்லோரும் கார் ஓட்டினார்கள்" என்பதற்கு மறுப்பு "ஒருவர்கூட ஓட்டவில்லை" அல்ல, "ஒருவராவது ஓட்டவில்லை" என்பதுதான். முதல் விதமாக மறுத்தால் தேவையில்லாத விடைகூட வாதத்தை உடைப்பது போலத் தெரியும். "சிலராவது" என்று வந்தால் மட்டும் மறுப்பு "ஒருவர்கூட இல்லை." மேலே உள்ள "சிலராவது", "எல்லோருமே" என்ற இரண்டு விடைகளையும் இப்படி மறுத்துப் பாருங்கள், எது வாதத்தைக் கவிழ்க்கிறது என்று பளிச்சென்று தெரியும்.