பத்திக் சாயத் தண்ணீரைச் செடிப்படுக்கையில் சுத்திகரிப்பது எப்படி?

எங்கள் வீடு சாம்பல்தீவில் இருக்கிறது. மணல் நிலம்; வளவில் எதைக் கொட்டினாலும் கிணற்றுக்கு இறங்கிவிடும். பத்திக் வேலை செய்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

செடிப்படுக்கை என்பது சல்லி நிரப்பிச் செடி நட்ட கிடங்கு; சாயத் தண்ணீர் அதற்குள் சில நாள் தங்கிப் போகும்.

அளவு: நாளுக்கு 100 லீற்றர் சாயத் தண்ணீர் என்றால், ஐந்து நாள் தங்க 500 லீற்றருக்கு இடம் வேண்டும். சல்லிக்குள் வெற்றிடம் ஏறக்குறைய 40 சதவீதம்தான். எனவே 2.5 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், அரை மீற்றர் நீர் ஆழம்.

கிடங்கு வெட்டி, பழைய சாக்கு விரித்து, தடித்த பொலித்தீனை இரண்டாக மடித்துப் போடுங்கள். கழுவிய முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியை நிரப்புங்கள். வெளியேறும் குழாயை அடியிலிருந்து எடுத்து, வெளியே நிமிர்த்துங்கள். அதன் வாய் சல்லி மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் தண்ணீர் மேலே தேங்காது, நுளம்பும் பெருகாது.

செடி என்றால் எனக்கு வெட்டிவேர்தான். சம்பும் வளரும், ஆனால் சாய உப்பை வெட்டிவேர் நன்றாகத் தாங்குகிறது.

மெழுகு கரைத்த தண்ணீரை ஆறவிட்டு, மேலே படியும் ஆடையை வழித்தெடுங்கள். இல்லாவிட்டால் சல்லி அடைத்துவிடும். சாயத்தோடு சேர்க்கும் சலவைச் சோடாவின் காரத்தை வினாகிரி விட்டுக் குறைத்து, காரத்தை அளக்கும் பிஎச் தாளில் 8க்குக் கீழே வந்த பிறகே விடுங்கள்.

நான் தவறியது இனித்தான். சாயத் தண்ணீர் விடத் தொடங்கிய மூன்றாம் வாரம், வெளிவந்த நீரைப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன்; சிவப்பின் சுவடே இல்லை. அதை நம்பி வாழைக்கு விட்டேன். நிறம் போனால் நஞ்சு போனதாகாது. அசோ சாயங்கள் என்ற செயற்கைச் சாய வகையில் இரண்டு நைதரசன் அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பைக் காற்றில்லாத சல்லிக்குள் பற்றீரியா அறுக்கிறது, நிறம் மறைகிறது. அப்படி உடைந்து மிஞ்சும் அரோமற்றிக் அமீன்கள் என்ற இரசாயனங்களில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவற்றைச் சிதைக்க ஒட்சிசன் வேண்டும்.

ஆகவே இரண்டாவது படுக்கை கட்டாயம். இதில் தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் படுக்கையிலிருந்து வரும் நீரை நாளில் மூன்று தடவை மேலிருந்து ஊற்றி, அடியால் முழுவதும் வடியவிடுங்கள். வடியும்போது காற்று உள்ளே இழுபடும். வரிசையை மாற்றாதீர்கள்.

உப்பு இரண்டிலும் நீங்காது. அதனால் வெளிவரும் நீரைத் துணியின் முதல் அலசலுக்கே திரும்ப எடுக்கிறேன்.

பிற்சேர்க்கை: நிலாவெளியில் ஒரு அக்காவின் செடிகள் ஒரே கிழமையில் மஞ்சளாகிவிட்டன. நட்ட மறுநாளே சாயத்தை விட்டிருக்கிறார். முதல் ஆறு கிழமை கிணற்றுத் தண்ணீர் மட்டும். பிறகு நான்கில் ஒரு பங்கு சாயத் தண்ணீர் கலந்து தொடங்குங்கள். புதுத் தளிர் வந்தால் கூட்டலாம்.