துன்பியல் நாடகத்தில் வில்லனை அறிமுகப்படுத்துவது எப்படி?

சென்னை சபாக்களுக்கு நாடகம் எழுதும் இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கும்போது, வில்லன் மேடையில் கால் வைத்த கணமே உரக்கச் சிரித்துத் தன் கொடுமையைப் பறைசாற்றுவதைக் காண்கிறேன். துன்பியல் நாடகத்தில் இது நாயகனையே சிறுமைப்படுத்திவிடும். இத்தனை வெளிப்படையான தீயவனை நம்பி வீழ்பவனுக்காகப் பார்வையாளர் கண்ணீர் விடமாட்டார்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். பொற்கொல்லன் கோவலனைக் கைதொழுகிறான். சிலம்பைப் பற்றி அறியேன் என்று பணிந்துகொண்டே, வேந்தரின் முடி முதலிய அணிகலன்களைச் செய்பவன் நான் என்றும் சொல்லிவிடுகிறான். பணிவும் தற்பெருமையும் ஒரே மூச்சில் வெளிப்படும் அந்த ஒரு விடையிலேயே ஆள் யார் என்பது தெரியத் தொடங்குகிறது. பின்னர், தான் திருடிய அரசியின் சிலம்பு பற்றிய உண்மை வெளிப்படுமுன் இவன்மீது பழியைப் போடலாம் என்ற அவனுடைய எண்ணம் நமக்கு மட்டும் கேட்கிறது, கோவலனுக்குக் கேட்பதில்லை. துயரம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே முதல் காட்சியில் வில்லனுக்கு இனிய சொற்களையே கொடுங்கள். அடுத்து, அவன் தனித்து நிற்கும் நான்கைந்து வரிகளில், அவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்பதைப் பார்வையாளருக்கு மட்டும் உணர்த்துங்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்து வில்லன் இயாகோவும் முதல் அங்கத்தின் முடிவிலேயே இப்படித் தனிமொழியில் நம்மிடம் மனம் திறக்கிறான். ஒளியமைப்பும் பின்னணி இசையும் இதற்குத் துணைசெய்யலாம். ஆனால் அவை வசனத்தின் வேலையைச் செய்யமாட்டா.