தேசிய மலர்களைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் முறை

தேசிய மலர்கள் பற்றிய பாடம் வரும்போது கரும்பலகையில் நாட்டின் பெயரை ஒரு பக்கமும் மலரின் பெயரை மறுபக்கமும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கமாக இருக்கிறது. அப்படிப் படிக்கும் மாணவருக்கு இருபது பெயர்கள் நினைவில் நிற்கலாம். ஆனால் அந்த மலரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வராது. ஒரு நாடு ஒரு பூவைத் தன் அடையாளமாகக் கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு ‘பிகாஸ்’ என்று தொடரும் வாக்கியம் வேண்டும். நடுநிலை வகுப்பு மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிற வாக்கிய அமைப்பும் அதுவே. எனவே நாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நான்கைந்து மலர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ‘ஒய்’ என்ற கேள்வியை விடாமல் கேட்பதே இந்தப் பாடத்துக்குச் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

தாமரையில் தொடங்குங்கள். பூ கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓர் இலை கட்டாயம் வேண்டும். மேசைமேல் இலையை விரித்து, ஒரு மாணவரை அழைத்து, அதன்மேல் சிறிது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு, இலையை லேசாகச் சாய்த்ததும் தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டோடும். அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் ஈரம் இராது. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் பூச்சும் இருப்பதே இதற்குக் காரணம். பார்த்ததை முதலில் தமிழில் சொல்லவிட்டு, பிறகு ‘தி லோட்டஸ் க்ரோஸ் இன் மட், பட் இட் ஸ்டேஸ் க்ளீன்’ என்ற எளிய வாக்கியத்துக்கு வாருங்கள். அது நாவில் படிந்த பின்னரே ‘தி லோட்டஸ் ஸ்டாண்ட்ஸ் ஃபார் பியூரிட்டி பிகாஸ்…’ என்று தொடங்கி, மீதியை அவர்களே முடிக்குமாறு விடவேண்டும். கண்ணால் கண்ட காரணத்தைச் சொல்வதால் வாக்கியம் தானாக நீளும்.

இலங்கையின் தேசிய மலரான நீல அல்லியை இதே வகுப்பில் ஒப்பிட்டுக் காட்டலாம். அல்லி இலை நீர்மேல் படிந்து மிதக்கும். அதில் ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை ஏறத்தாழ முழு வட்டம். பெரும்பாலும் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். இரண்டையும் ஒன்றெனவே நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலர். வேறுபாட்டைச் சொல்ல முயலும்போது ‘பட்’, ‘ஒய்ல்’ போன்ற இணைப்புச் சொற்கள் இயல்பாகத் தேவைப்படும்.

அடுத்து செம்பருத்தி. வீட்டு வாசலிலேயே கிடைக்கிற பூ ஆதலால் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லலாம். ஒற்றையடுக்குப் பூவாக இருக்கட்டும். மலேசியா இதைத் தன் தேசிய மலராக 1960ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்தது. இதன் ஐந்து இதழ்கள் ‘ருக்குன் நெகாரா’ எனப்படும் ஐந்து தேசியக் கோட்பாடுகளைக் குறிப்பதாகவும், சிவப்பு நிறம் துணிவைக் குறிப்பதாகவும் சொல்வார்கள். அந்தக் கோட்பாடுகள் அறிவிக்கப்பட்டதோ 1970இல். பூ முதலில் வந்தது, பொருள் பிறகு வந்து சேர்ந்தது. மலரின் குறியீடு மக்கள் அதற்குக் கொடுப்பது, அது காலப்போக்கில் வளரும் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளையும் பலகையில் எழுதி, ‘வாஸ் சோசன்’, ‘டென் இயர்ஸ் லேட்டர்’ என்ற தொடர்களைப் பழக்குங்கள்.

செயப்பாட்டுவினையைத் தனியாக எடுத்து, பொருளற்ற வாக்கியங்களை மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சியைவிட இந்த இடம் அதற்கு மிகப் பொருத்தமானது. சிங்கப்பூரில் ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் பெயரால் அறியப்படும் கலப்பின ஆர்க்கிட் 1893இல் உலகுக்கு அறிமுகமானது. 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் ரோஜா 1986இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ரோஜாவோ நெடுங்கால மரபால் வந்தது. லங்காஸ்டர் குடியின் சிவப்பு ரோஜாவையும் யார்க் குடியின் வெள்ளை ரோஜாவையும் சேர்த்து, 1485இல் அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி தன் சின்னமாக்கினார். ஆகவே ஒன்றுக்கு ‘வாஸ் டிக்ளேர்ட்’, மற்றதற்கு ‘இஸ் ரிகார்டட் ஆஸ்’ என்று பயன்படுத்தவேண்டியிருக்கிறது. இந்த நுட்பம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போதும்.

பேச்சுப் பயிற்சிக்கு மல்லிகையை வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் சரமாகத் தொடுத்து விற்கிறோமே, அதே இனம்தான் ‘சம்பகீத்தா’ என்ற பெயரில் 1934 முதல் பிலிப்பைன்சின் தேசிய மலர். இந்தோனேசியாவும் தன் மூன்று தேசிய மலர்களில் ஒன்றாக இதை ஏற்றிருக்கிறது. அங்கே தூய்மை, எளிமை என்ற பொருள் கொள்கிறார்கள். நம் வீடுகளில் அது எப்போது, யாருக்கு, எதற்காக வாங்கப்படுகிறது என்று இரண்டிரண்டு பேராகப் பேசச் சொல்லுங்கள். சொல்வதற்குச் சொந்த விஷயம் இருப்பதால், வாய் திறக்காத பிள்ளைகளும் இந்தப் பகுதியில் பேசுவார்கள்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுவே. மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, பிறகு சிவந்து, தீ நாக்குகளைப்போல் மேல்நோக்கி வளையும் அதன் இதழ்களை ‘டர்ன்’ என்ற வினைச்சொல்லைக் கற்பிக்கப் பயன்படுத்தலாம். ஆனால் படமாக மட்டுமே காட்டவேண்டும். செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பிள்ளைகளைப் பறித்துவரச் சொல்லக் கூடாது.

பண்புப்பெயர்களை ஒரே நாளில் குவிக்கவேண்டாம். பியூரிட்டி, கரேஜ், யூனிட்டி, பீஸ், ஹோப் என ஐந்தாறு போதும். ‘இட் இஸ் ஸ்டாண்ட்ஸ் ஃபார்’ என்று பலர் எழுதுவார்கள். ‘சிம்பல் ஃபார்’ என்றும் வரும். ‘ஸ்டாண்ட்ஸ் ஃபார்’, ‘இஸ் எ சிம்பல் ஆஃப்’ என்ற இரண்டையும் தனித்தனி நாளில் பழக்கினால் குழப்பம் பெரிதும் குறையும். மதிப்பீட்டுக்கு, ஒவ்வொருவரும் தம் ஊருக்கு ஒரு மலரைத் தேர்ந்து ஆறு வாக்கியங்களில் காரணம் எழுதட்டும். ஆவாரம்பூ, தும்பை, எருக்கு என எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பூவில் காணும் ஏதேனும் ஒரு தன்மையோடு காரணம் பொருந்துகிறதா என்பதற்கு முதல் மதிப்பெண். இலக்கணத் திருத்தம் அதற்கு அடுத்த சுற்றில்.