மோட்டார்ஹோமில் இருவர்: முதலில் தீர்ந்துபோவது எது?

மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டி வாங்கியவுடன் பெரும்பாலோர் பேட்டரியையும் சோலாரையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் மின் இணைப்போ தண்ணீர்க் குழாயோ இல்லாத இடத்தில் இருவர் தங்கினால், அவர்களை முதலில் கிளம்ப வைப்பது பெரும்பாலும் கேசட் டாய்லெட், அதாவது கழிவு சேரும் தொட்டியைக் கழற்றி எடுத்துக் காலி செய்யும் டாய்லெட். அதன் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு நாள் தாங்கும், சிக்கனமாக இருந்தால் மூன்று. எத்தனை நாள் தங்கலாம் என்ற கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். கூடுதல் பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன் உதிரி கேசட் ஒன்று வாங்கி வைத்தால் டாய்லெட் தாங்கும் நாள் அப்படியே இரட்டிப்பாகும்.

கேசட்டைக் காலி செய்யும்போது கொட்டும் குழாயைக் கீழ்நோக்கித் திருப்பி, காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே சாய்க்க வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே காற்றுப் புகாமல் குபுக் குபுக்கென்று வந்து கால்மேல் தெறிக்கும். மூடித் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்துக்கு வாசலின் தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கசியும். அதற்கென்றே விற்கும் சிலிகான் எண்ணெய் போதும்.

தண்ணீர்

இருவருக்கு ஒரு நாள் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: குடிக்கவும் சமைக்கவும் 8 லிட்டர், பாத்திரம் கழுவ 8, கை முகம் கழுவ 6, குளிக்க ஆளுக்கு 8, டாய்லெட்டுக்கு 4. மொத்தம் 42 லிட்டர். 100 லிட்டர் தொட்டி இரண்டு நாளைத் தாண்டிக் கொஞ்சம் ஓடும். ஆளுக்கு 8 லிட்டரில் குளிக்க முடியுமா என்றால், நனைத்துக்கொண்டு மூடி, சோப்புப் போட்டபின் திறந்து அலசினால் முடியும். ஷவர் தலையிலேயே மூடும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். குழாயில் திருகித் திருகி மூடினால் ஒவ்வொரு தடவையும் சூட்டைச் சரிசெய்வதிலேயே தண்ணீர் போய்விடும். வெந்நீர் வரும்வரை ஓடும் முதல் ஒன்றிரண்டு லிட்டரை ஒரு பாத்திரத்தில் பிடித்தால் டாய்லெட்டுக்கு ஆகும்.

நல்ல தண்ணீர்த் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கிருமி நீக்கம் செய்ய வேண்டும். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு 1 மில்லி வீதம், அதாவது 100 லிட்டருக்கு 100 மில்லி கலந்து தொட்டியை நிரப்புங்கள். கரி ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். வெந்நீர், தண்ணீர் என ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு, முழுதும் வடித்து, வாசம் போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். சுண்ணாம்புப் படிவத்தை நீக்கும் அமிலத்தையோ வினிகரையோ பிளீச்சோடு ஒரே வேளையில் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் இடையிடையே ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள், அல்லது பம்ப்பின் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கிறது. கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள இணைப்புகளைக் காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். குளிர்காலத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டிக் கிடந்தால் பதற வேண்டாம். சில ஹீட்டர்களின் உறைபனி வால்வு சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து கொதிகலனைக் காலி செய்துவிடும்.

மின்சாரம்

12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ்தான் பெரிய தீனிக்காரன்: வெயிலைப் பொறுத்து நாளொன்றுக்கு 30 முதல் 45 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). இரண்டு போன், ஒரு லேப்டாப் சேர்ந்து 10 முதல் 15, எல்இடி விளக்குகள் 4, தண்ணீர் பம்ப் 2, ஹீட்டர் விசிறி ஓடினால் இன்னும் 10 முதல் 20. ஆக ஹீட்டரையும் சேர்த்தால் ஏறத்தாழ 55 முதல் 85 வரை வரும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால் ஆயுள் விரைவில் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 வரை எடுக்கலாம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஈய பேட்டரியை எல்லாச் சுவிட்சையும் அணைத்து, சார்ஜும் ஏறாமல் ஓரிரு மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.2 சுமார் பாதி. லித்தியத்தில் இந்த அளவு உதவாது. கடைசி வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, பிறகு திடீரென்று விழும். உள்ளே போய் வெளியே வரும் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் பொருத்திய பேட்டரி மானிட்டர் அதற்குக் கட்டாயம் வேண்டும். பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு அதே வயரில் லித்தியத்தை மாட்டுவதும் ஆபத்து. அது இழுக்கும் மின்னோட்டத்தில் இன்ஜினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடலாம். இடையே அந்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

இன்வெர்ட்டரில் 1,000 வாட் சாமான் ஓடினால் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் போகும். அதற்கேற்ற தடிமனான குட்டை வயரும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃப்யூஸும் இல்லையென்றால் ஹேர் டிரையரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எரிவாயுவும் ஈரமும்

ப்யூட்டேன் 0 டிகிரி அருகே வாயுவாக மாறாமல் சிலிண்டருக்குள்ளேயே திரவமாகத் தங்கிவிடும். குளிர் நாடுகளில் புரொப்பேன்தான். கம்ப்ரெசர் இல்லாமல் எரிவாயுச் சூட்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே அமோனியாக் கரைசல் சுற்றுவது தடைபட்டுக் குளிர் வராது, நாளடைவில் யூனிட்டே போய்விடும். எரிவாயு காற்றைவிடக் கனம். அதனால் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டியும், கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் உயரத்திலும் மாட்டுங்கள். கசியும் எரிவாயு வெளியேறுவதற்கான தரைத் துளையைக் குளிருக்குப் பயந்து அடைப்பது தற்கொலைக்குச் சமம்.

ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். புகைபோக்கி உள்ள ஹீட்டர் அதை வெளியே தள்ளிவிடும், அடுப்பு தள்ளாது. இருவர் தூங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் ஈரம் சேரும். மெத்தைக்கு அடியில் காற்று புகும் சட்டம் போடாவிட்டால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது மேல்ஜன்னலைத் திறந்தே வையுங்கள், மழையானாலும்.

எடை

ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தின் வரம்பு பொதுவாக 3,500 கிலோ. எந்த நாடானாலும் உங்கள் வண்டிக்கான உச்ச எடை அதன் தகட்டில் இருக்கும். எல்லாம் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, எடைமேடையில் மொத்தத்தையும் ஒவ்வொரு ஆக்சிலையும் (சக்கர அச்சு) தனித்தனியாக எடை போடுங்கள். பின்னால் தொங்கும் சுமை ஏமாற்றும். முன், பின் சக்கரங்களுக்கிடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 60 கிலோ சைக்கிள்களை மாட்டினால் பின் ஆக்சிலில் ஏறுவது 60 அல்ல, 82.5 கிலோ. முன் ஆக்சிலில் 22.5 கிலோ குறையும்; முன்சக்கர இழுவை வண்டி ஈரப் புல்லில் மாட்டிக்கொள்ள இதுவே போதும். தொட்டியில் வீணாகச் சுமக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் மேல்ஜன்னல், ஃப்ரிட்ஜ் தாழ், அலமாரிக் கதவுகள், பம்ப் சுவிட்ச் பார்க்கட்டும். வெளியே இருப்பவர் மின் வயர், படி, சிலிண்டர் வால்வு, கழிவுநீர்க் குழாய், சக்கரக் கட்டைகள். பிறகு இடம் மாறி ஒரு சுற்று. அந்த நேரத்தில் ஒருவரிடம் மற்றவர் பேச்சுக் கொடுக்காமலிருப்பது நல்லது. பாதியில் நின்றுபோகும் சரிபார்ப்பில்தான் மேல்ஜன்னல்கள் பறக்கின்றன.

ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாத கணமே வண்டி நிற்க வேண்டும், எந்தக் கேள்வியும் இல்லாமல். "வா, வா" என்று கத்துவதைவிட இரண்டு போனில் அழைப்புப் போட்டுப் பேசுவது எளிது, சண்டையும் குறையும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து போவதற்கு முன்பே வயதாகிவிடும். தரையைத் தொடும் பூப்பட்டை ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் நட்டுகளை மறுபடி பாருங்கள்.