ரப்பர் விளைக்குள்ள டிஸ்க் கோல்ஃப்: புதுசா ஆடுறவங்களுக்கு

டிஸ்க் கோல்ஃப்னா ஃபிரிஸ்பி மாதிரி வட்டத்தட்ட எறிஞ்சு, எவ்வளவு கொறஞ்ச எறியில கூடையில போடுறோம்னு பாக்குற ஆட்டம், ஒவ்வொரு குறிக்கும் ஹோல்னு பேரு. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நம்ம கூட்டுக்காரனுக்க ரப்பர் விளையில (தோட்டத்துல) ஒம்பது ஹோல் போட்டு ஆடிட்டு இருக்கோம். பழைய சைக்கிள் ரிம்முல சங்கிலியத் தொங்கவிட்டு கீழ ஒரு கூடை, அது ரெண்டே ரெண்டுதான், மத்ததெல்லாம் மரத்துல சிவப்புத்துணி கட்டி அதுல பட்டாப் போதும்னு வச்சாச்சு. சிரிக்காதீங்க, இந்த ஆட்டத்துக்க தகப்பன்னு சொல்லுற எட் ஹெட்ரிக் 1975ல கலிஃபோர்னியாவுல போட்ட முதல் கோர்ஸ்லயே (ஆடுகளத்துலயே) ஆரம்பத்துல வெறும் கம்பத்தத்தான் குறி வச்சாங்க, சங்கிலிக் கூடை பொறவுதான் வந்துச்சு.

முதல்ல டிஸ்க். தூரம் எறிய டிரைவர், நடுத்தரமா மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்துல இருந்து போட புட்டர்னு மூணு வகை உண்டு. டிரைவர வீட்டுல வச்சிட்டு வாங்க. அதுக்கு நல்ல வேகம் குடுத்தாத்தான் நேராப் போகும், இல்லன்னா வலது கையில பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால போற மாதிரி) எறியுறவனுக்கு சட்டுனு இடது பக்கம் சரிஞ்சிரும், விளைக்குள்ள இடது பக்கம்னா அடுத்த மரம்தான். நான் முதல் நாள் டிரைவரத் தூக்கிட்டுப் போயி மூணாவது ஹோல்ல சானலுக்குள்ள (வாய்க்காலுக்குள்ள) விட்டேன், அது மிதக்கவும் இல்ல. கலரும் பாத்து வாங்கணும், ரப்பர் இலை பழுத்து உதிருற சமயத்துல ஆரஞ்சு டிஸ்க் கண்ணுக்கே தெரியாது, ரோஸ் இல்லன்னா நீலம் நல்லது.

அடுத்து எப்ப ஆடணும்ங்கிறது. காலையில பால் வெட்டு நடக்கும், சிரட்டையில பால் சொட்டிட்டு இருக்கும், அப்ப போயி எறிஞ்சா விளைக்காரரு நம்மள எறிவாரு. பால் எடுத்து முடிஞ்சு மத்தியானத்துக்கு மேல போங்க. வெட்டுப்பட்டையில டிஸ்க் அடிக்காம பாத்துக்கிடணும். மழை பெஞ்ச மறுநாளுன்னா அட்டை ஏறும், உப்பு கொண்டு போங்க.

இனி எறியுறது. மர நிரைக்கு (வரிசைக்கு) நடுவுல இடைவெளி எங்க இருக்குன்னு பாருங்க, கூடைய இப்ப மறந்திருங்க. புட்டரப் பிடிச்சு, ஓடாம நின்னுட்டே, நெஞ்சு ஒசரத்துல நேரா இழுத்துப் பாதி பலத்துல பைய விடுங்க. டிஸ்க்குக்க முன்பக்கம் மேல தூக்கிட்டா காத்துல எழும்பி அங்கயே நின்னு விழும், புதுசா வாறவங்க எல்லாருக்கும் இதுதான் வியாதி. இருபது மீட்டர் போயி நடுவுல விழுந்தாலும் அது நல்ல எறிதான்.

மரத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா? ரெண்டு மரத்துக்கு இடையில புகுத்திருவேன்னு கிளம்பாதீங்க, பத்துல ஒண்ணு போகும், மீதி ஒம்பதும் பட்டு இன்னும் பின்னாடி வந்து விழும். சைடுஆர்ம்ல (உள்ளங்கை முன்னால வாற மாதிரி பக்கவாட்டுல) தாழ ஒரு எறி எறிஞ்சு வெளிய வந்திருங்க, கொப்பு தாழ கிடந்தா முட்டி போட்டும் எறியலாம், ஆனா கொப்ப ஒடிக்கக் கூடாது. கிளையில தொங்கிட்டா நேர் கீழ இருந்து ஆடலாம். தண்ணிக்குள்ள போச்சுன்னா ஒரு எறி கூடும், கரையத் தாண்டுன இடத்துல இருந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளி ஆடணும். காணாமப் போனா தேட மூணு நிமிஷந்தான் கணக்கு, நாங்க என்னவோ அரைமணிக்கூர் தேடுவோம், டிஸ்க் விலை அப்படி.

கூடையில இருந்து பத்து மீட்டருக்குள்ள வந்தாச்சுன்னா எறிஞ்ச வேகத்துல முன்னாடி போயிரக் கூடாது, நிதானமா நின்னு காட்டிட்டுத்தான் காலு எடுக்கணும். எங்க ஏழாவது ஹோல் தட்டு (சரிவுல படி மாதிரி வெட்டுன நிலம்) ஓரத்துல இருக்கு, பின்னாடி ஒரே சரிவு, சங்கிலியில படாமப் போச்சுன்னா டிஸ்க் உருண்டு உருண்டு கீழ ஓடை வரைக்கும் போவும். அங்க நான் நேரா கூடைக்குப் போடவே மாட்டேன், கூடைக்கு முன்னாடி மெதுவா விழ வச்சு அடுத்த எறியில போடுவேன். கூட்டுக்காரன் பயந்தாங்கொள்ளிம்பான், ஆனா ஓடைக்கு எறங்கி ஏறுறது அவன்தான்.